சோலார் பேனலுக்கு இடம் பார்த்ததில் பட்ட பாடு

கிணற்று மோட்டாருக்குச் சோலார் போடுவது என்று முடிவானதும் எத்தனை பேனல், என்ன மோட்டார் என்பதெல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிட்டன. கொட்டகைக் கூரை பழையது. அதையும் உடனே விட்டுவிட்டேன். நிலத்தில் எங்கே நிறுத்துவது என்பதில்தான் எட்டு மாதம் போயிற்று.

இடம் பார்க்க வந்தவர் நல்ல கோடையில், உச்சிவேளையில் வந்தார். கிணற்றடியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நிழலே இல்லையே" என்று முளைக்குச்சி அடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். உச்சிவேளையில் நிழல் எங்கிருந்து வரும்? கிழக்கிலும் தெற்கிலும் நின்ற மரங்களைக் காட்டிக் கேட்டேன். "அவை தூரத்தில் இருக்கின்றன" என்றார். நம்பி, கான்கிரீட் கால்கள் மூன்றைப் போட்டும் விட்டேன். பேனல்கள் வந்துசேரத் தாமதமானது என் நல்ல நேரம்.

டிசம்பரில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே போனால், மூன்று கால்களும் மர நிழலுக்குள் நிற்கின்றன. வயிறு எரிந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு அந்த மாதத்தில் சூரியன் தெற்கே ஒதுங்கித் தாழ்வாகப் போகும். அது 45 டிகிரி உயரத்தில் இருக்கையில் 10 மீட்டர் மரத்தின் நிழல் 10 மீட்டர்தான். 30 டிகிரிக்கு இறங்கினால் 17 மீட்டர், 20 டிகிரியில் 27 மீட்டர்.

போனில் கேட்டதற்கு, "ஓரத்தில் கொஞ்சம் நிழல் பட்டால் ஒன்றும் ஆகாது" என்றார் அதே ஆள். ஆகும். பேனல்களும் அவற்றுக்குள் இருக்கும் செல்களும் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு செல் நிழலில் மாட்டினால் அந்தத் தொடரின் மின்னோட்டமே குறையும். மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பைபாஸ் டையோடு என்ற சிறு பாகம் பேனலில் இருந்தால், அது அந்தப் பகுதியை மட்டும் விலக்கிவிடும். ஆனால் அந்தப் பகுதியின் மின்சாரம் போனது போனதுதான். ஒரு கிளையின் நிழல்கூட அற்பமல்ல.

அடுத்ததாக, எதுவும் விளையாத பாறைமேட்டைப் பார்த்தேன். நாளெல்லாம் வெயில், நல்ல நிலமும் மிச்சம் என்று மகிழ்ந்தேன். கடப்பாரை ஒரு முழம்கூட இறங்கவில்லை. குழி தோண்ட வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதைவிடப் பெரிய தடை தூரம். கிணறு அங்கிருந்து 200 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து 400 மீட்டர் கம்பி. நீளம் இரட்டித்தால் வழியில் இழக்கும் மின்னழுத்தமும் இரட்டிக்கும். ஈடுகட்ட இரு மடங்கு குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பி வேண்டும். போதாததற்குப் பக்கத்திலேயே மண்பாதை. ஒரு டிராக்டர் போனால் எழும் புழுதி முழுவதும் பேனல் மேல்தான் படியும். கழுவத் தண்ணீரும் அங்கே இல்லை.

அதன்பின் யாரையும் கேட்கவில்லை. ஒரு முழு நாள் நிலத்திலேயே இருந்து, காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மணிக்கொரு தடவை மர நிழலின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். நீங்களும் இதைச் செய்யுங்கள். பகல் மிகக் குறுகிய நாட்களில் செய்யுங்கள். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், கைபேசியில் சூரியப் பாதையைக் காட்டும் செயலிகளைப் பயன்படுத்தலாம்.

எந்தக் கோடும் தொடாத இடம் மரவரிசைக்குத் தெற்கே கிடைத்தது. கிணற்றிலிருந்து 60 மீட்டர். ஆனால் அது நன்றாக விளைகிற மண். "இதையா கொடுக்கிறாய்?" என்று அப்பா இரண்டு நாள் பேசவில்லை. எனக்கும் மனம் வரவில்லைதான். சுண்ணாம்புக் கோடுகளைக் காட்டியபோது அவரே வரப்போரமாக இடத்தை ஒதுக்கித் தந்தார்.

இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள்: இன்று நிழல் இல்லாத இடத்தில் பத்து வருடம் கழித்து நிழல் வரலாம். எங்களுக்குத் தெற்கே உள்ள நிலத்துக்காரரிடம் போய்க் கேட்டேன். வரப்பை ஒட்டி மரக்கன்று நடக் குழியே எடுத்து வைத்திருந்தார்! விவரம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கன்றுகளைத் தம் நிலத்தின் தென்கோடிக்கு மாற்றிக்கொண்டார். ஒரு வாரம் தாமதித்துக் கேட்டிருந்தால் நட்டு முடித்திருப்பார்.