ஆயாக் கொட்டகை தாண்டி வலது பக்கம்

மலேசியாவில் காலை ஆறு மணி என்றால் கும்மிருட்டு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு மாறிக்கொண்டது. அதனால் இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது, வருஷம் முழுக்க. போடியில் ஆறரைக்கெல்லாம் குரங்கணி ரோட்டில் பாதி ஓட்டத்தை முடித்துவிடும் எனக்கு, கல்யாணமாகி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்ததும் முதல் தகராறே சூரியனோடுதான். சாயங்காலம் ஓடலாம் என்றால் மதியம் கறுத்த வானம் நாலு மணிக்கு இடியும் மழையுமாக இறங்கிவிடுகிறது.

அப்புறம் புழுக்கம். இங்கே வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் போகிறது. ஊரில் ஓடிய வேகத்தை இங்கே எதிர்பார்த்தால் மனசுதான் கெடும். வேகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இதயத் துடிப்பைப் பார்த்து ஓட ஆரம்பித்த பிறகு சரியானது.

டவுனுக்குள் ஓட இடமில்லை. ஈப்போ - கோலகங்சார் பழைய சாலையில் லோரிகள் விடுவதில்லை; தாமான் என்கிற குடியிருப்புகளுக்குள் நாய்கள் விடுவதில்லை. மிச்சம் இருப்பது தோட்டம்தான். டவுனை விட்டு எந்தப் பக்கம் வெளியேறினாலும் பாமாயில் எடுக்கிற செம்பனை, இடையிடையே ரப்பர், அதற்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் குன்றுகள், இன்னும் தள்ளி லிந்தாங், லாசா பக்கம் காடு.

ஓடுவதற்கு என்னைக் கேட்டால் ரப்பர்தான். பால் வெட்டுகிறவர்கள் தினமும் நடப்பதால் நிரைகளுக்கு நடுவே பாதை இறுகிக் கிடக்கும், நிழலும் மெல்லியது. விடிவதற்கு முன்பே தலை விளக்கோடு வந்துவிடுவார்கள். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலையெல்லாம் கொட்டி, மிதிக்கிற இடமெல்லாம் சரசரக்கும். காய் வெடிக்கிற பருவத்தில் வெயில் ஏறினால் தலைக்கு மேலே பட், பட்டென்று கேட்கும். விதை காலில் உருளும், பார்த்து ஓட வேண்டும்.

செம்பனை வேறு கதை. வெட்டிய மட்டைகளை ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் அடுக்கி வைப்பார்கள். அடுத்த நிரை பழம் வெட்டுகிறவர்கள் போய்வர. ஓடுவதானால் அந்த இரண்டாவதில் மட்டும். மட்டைக் குவியலுக்குள் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும், மட்டை முள் காலணியையும் துளைக்கும். மழைக்கு மறுநாள் தேங்கின தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்காதே என்று என் மாமியார் சொன்னது பயமுறுத்த அல்ல. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிற காய்ச்சல் ஆளையே சாய்த்துவிடும். கன்றுச் செம்பனைக் காட்டுக்குள் போகவே வேண்டாம், ஒரு பொட்டு நிழல் கிடையாது.

வழி கண்டுபிடித்ததுதான் பெரிய கதை. கைப்பேசி வரைபடத்தில் தோட்டம் வெறும் பச்சை. காவல் கொட்டகையில் அனுமதி கேட்டு உள்ளே போன புதிதில், சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நிறுத்தினார்.

"எங்கம்மா ஓடுற? யாரும் தொரத்துறாங்களா?"

"சும்மாதான் ஐயா, உடம்புக்கு."

"பசியாறிட்டியா?"

இல்லை என்றதும் அவருக்கு நான் ஓடுவதைவிட அதுதான் பெரிய குற்றமாகப் பட்டது. அப்புறம் வழி சொன்னார்: பெரட்டுக் களத்திலிருந்து (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) நேராகப் போய், பால் ஸ்டோர் மேட்டில் ஏறி, ஆயாக் கொட்டகை (வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம்) தாண்டிச் சோத்தாங்கைப் பக்கம் திரும்பினால் கோயில் வரும், அங்கிருந்து கித்தா காடு, அதாவது ரப்பர் காடு. நான் ஓடிப் பார்த்தேன். பெரட்டுக் களம் இல்லை, ஸ்டோர் இல்லை, ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் தரை மட்டும் புல்லுக்கு நடுவே. கோயில் இருந்தது, சுற்றிலும் செம்பனையோடு. லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் போய்விட்டாலும் ஆடித் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ வந்துவிடுகிறார்களாம்.

ஆட்கள் ஏன் போனார்கள் என்பது அவரிடமிருந்தும் வீட்டிலிருந்தும் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். இந்த ஊரிலேயே பிறந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது காப்பாற்றியது கொஞ்சம். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை வைத்ததும் அவ்வளவு கை தேவைப்படவில்லை. மிஞ்சியிருக்கும் லயங்களில் இன்று வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிகள். என்னைக் கண்டால் மலாயில் "கக்கா", அக்கா என்று கை ஆட்டுகிறார்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு நான் பையில் பேரீச்சம்பழம் வைத்திருப்பேன். ஒருநாள் பெரியவருக்கு நீட்டியதும் சிரித்துவிட்டார். "எங்கம்மா காலத்துல இதுக்கே புடிச்சி உள்ள வெச்சிருப்பான்." 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், எல்ஃபில் தோட்டம் அதில் ஒன்று. அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களின் மடியைக்கூடச் சோதித்தார்களாம். ராத்திரி ஊரடங்கு. நான் இன்று தலை விளக்கோடு ஓடுகிற இருட்டில் அன்று ஒருவர் ஓடியிருந்தால் சுட்டிருப்பார்கள்.

ஓட்டத்துக்கும் ரப்பர் காட்டுக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. இன்று உலகம் முழுக்கக் கிளைகள் உள்ள ஹாஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் ஓட்டம் 1938-இல் கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற வெள்ளைக்காரரும் நண்பர்களும் ஆரம்பித்தது. ஒருவர் முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போக, மற்றவர்கள் ரப்பர் காட்டுக்குள் அதைத் தேடி ஓட வேண்டும், முடிவில் பீர். காலையில் நம் ஆட்கள் வயிற்றுப்பாட்டுக்காக மாங்கு மாங்கென்று ஓடி வெட்டிய நிரைகளில், சாயங்காலம் துரைமார்கள் தொப்பை குறைக்க ஓடியிருக்கிறார்கள். பெரியவரிடம் சொன்னேன். "அவனுக்கு நேரம் இருந்துச்சி" என்றார்.

காட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அழகுதான், ஆனால் ஓடுவதற்கு அல்ல, நடப்பதற்கு. வேர், வழுக்கல், நின்றால் அட்டை. காப்புக் காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். உள்ளே தெமியார் பழங்குடி மக்களின் கம்பங்கள், அதாவது கிராமங்கள் இருக்கின்றன, அது அவர்கள் வீட்டு வாசல். யானையும் இறங்கும். தனியாகப் போகவே கூடாது.

இப்போது ஆயாக் கொட்டகைப் பாதை மூடிக் கிடக்கிறது. இருபத்தைந்து வருஷத்தைத் தாண்டிய செம்பனையை இயந்திரம் வைத்துச் சாய்க்கிறார்கள். மறுநடவு முடிந்து நிழல் வர ஆறேழு வருஷமாகும். அந்தச் சிமெண்ட் தரையையும் பெயர்த்துவிட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் லிந்தாங் சாலைப் பக்கம் ஓடுகிறோம், நானும் பக்கத்துத் தாமானிலிருந்து சேர்ந்துகொண்ட இரண்டு பெண்களும். ஏழேகாலுக்குக் கிளம்புவோம். தண்ணீரும், அட்டை ஏறாமல் காலுறைக்குத் தடவ உப்பும் கொண்டுவந்தால் போதும், பசியாற டவுனில் ரொட்டி சானாய் கடை திறந்திருக்கும்.