அந்தோராவுக்கு விசா கிடையாது, ஆனாலும் விசா வேண்டும்

பார்சிலோனாவில் ஆறு இரவு, அங்கிருந்து மலையேறி அந்தோராவில் இரண்டு இரவு. 2024 அக்டோபரில் நானும் தம்பியும் இப்படித்தான் போய்வந்தோம். திரும்பி வந்த பிறகு நண்பர்கள் யாரும் மலையைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது, "விசா எப்படி எடுத்தீங்க?"

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே, பிரனீஸ் மலைகளுக்குள் இருக்கும் நாடு அந்தோரா. பரப்பு 468 சதுர கிலோமீட்டர்; சென்னை மாநகராட்சியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். விமான நிலையம் இல்லை, ரயில் இல்லை. புழங்குவது யூரோ, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியிலும் இல்லை. சுற்றுலா வருபவர்களிடம் அந்தோரா தனியாக விசா கேட்பதில்லை. கேட்டதும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஸ்பெயின் வழியாகவோ பிரான்ஸ் வழியாகவோதானே உள்ளே போக முடியும்? அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். எல்லையைத் தாண்டிய நிமிடமே நாம் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசா அதோடு முடிந்தது. திரும்பி ஸ்பெயினுக்குள் வர உரிமை இல்லை, அந்தோராவிலிருந்து பறந்து போகவும் வழியில்லை.

விண்ணப்பப் படிவத்தில் எத்தனை முறை நுழைவு வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கிறது: ஒன்று, இரண்டு, பல. நான் 'இரண்டு' என்று குறித்திருந்தேன். சென்னையில் விசா மையத்தின் கவுன்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "சார், அந்தோரா ஸ்பெயினுக்குள்ளதானே இருக்கு? சிங்கிள் போதும், மாத்திடட்டுமா?" என்று பேனாவை எடுத்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். விண்ணப்பத்தோடு வைத்திருந்த பயண விளக்கக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். எந்தத் தேதியில் ஸ்பெயினை விட்டு வெளியேறுகிறோம், எந்தத் தேதியில் திரும்புகிறோம் என்று இரண்டே வரி, கூடவே அந்தோரா ஓட்டல் முன்பதிவும் போய்வரும் பஸ் டிக்கெட்டும். பேனா கீழே போனது. அந்த இரண்டு வரியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். அந்த ஜூன் மாதம்தான் விசா கட்டணத்தை 80 யூரோவிலிருந்து 90 ஆக ஏற்றியிருந்தார்கள், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம்: பாலிசியில் 'ஷெங்கன் நாடுகள்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்தோராவில் கால் உடைந்தாலும் செல்லாது. 'ஐரோப்பா முழுவதும்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் பார்த்தது புகைப்படத்தை அல்ல, நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தைத்தான். 02 என்று இருந்தது. அப்பாடா.

பார்சிலோனாவிலிருந்து பஸ்ஸில் மூன்று, மூன்றரை மணி நேரம். கடைசி ஸ்பெயின் ஊர் லா சேவ் துர்ஜெல். அதைத் தாண்டிச் சில நிமிடங்களில் எல்லையில் ஒரு சுங்கச் சோதனைச் சாவடி. பஸ் வேகத்தைக் குறைத்தது, நிற்கவில்லை. பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. தம்பி என்னைப் பார்த்து, "இதுக்காடா அவ்ளோ அலைஞ்ச?" என்றான்.

அவன் வாயை மூட வைத்தது போன். ஸ்பெயினில் வாங்கிய சிம் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வேலை செய்யும் என்று நம்பியிருந்தோம்; அந்தோரா அதில் சேராது என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. தலைநகர் அந்தோரா லா வேல்லாவில் இறங்குவதற்குள் அவன் சிம்மில் இருந்த பணம் காலி. எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிட்டு ஓட்டல் வைஃபையை நம்புங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் கொஞ்சம் உஷார். திரின்சாத் என்று முட்டைக்கோசையும் உருளைக்கிழங்கையும் மசித்துத் தோசைபோல வார்த்துத் தருகிறார்கள். பார்க்க நம்ம ஊர்ப் பலகாரம்தான், மேலே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். தக்காளி தேய்த்த ரொட்டி எங்கும் கிடைக்கிறது, இரண்டு நாள் அதில் ஓடியது.

அம்மாவுக்கு ஒரு அஞ்சலட்டை அனுப்பலாம் என்று கடைக்குப் போனால், "ஸ்பெயினா, பிரான்சா?" என்று கேட்டார் கடைக்காரர். இந்தியா என்றேன். சிரித்துவிட்டு விளக்கினார்: இந்த நாட்டில் ஸ்பெயின் தபாலும் பிரான்ஸ் தபாலும் தனித்தனியாக இயங்குகின்றன, அஞ்சல்தலையும் வேறு, பெட்டியும் வேறு. ஒன்றின் அஞ்சல்தலையை ஒட்டி மற்றதன் பெட்டியில் போடக்கூடாதாம்.

திரும்பும்போதுதான் பஸ் நின்றது. வரி குறைவு என்பதால் சிகரெட்டும் மதுவும் வாங்கவே அந்தோராவுக்கு வருகிறவர்கள் ஏராளம், அதனால் ஸ்பெயின் பக்கம் சோதனை கறார். ஆளுக்கு 300 சிகரெட், கடுமையான மது என்றால் ஒன்றரை லிட்டர், அதற்கு மேல் போனால் வரி. சீருடைக்காரர் இருவர் ஏறினார்கள். ஒருவர் பைகளைத் திறக்கச் சொல்லிக்கொண்டே வந்தார், இன்னொருவர் எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிப் புரட்டி விசாப் பக்கத்தில் நிறுத்தினார். விரல் அந்த 02-இன் மேல் சில நொடி நின்றது. "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.