முகப்பருவும் மூலிகையும்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

தாடையில் மறுபடியும் கட்டி கட்டியாக. நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாய் வெண்புள்ளி. இந்த முறை மூலிகைதான். ஆனால் கண்டதையெல்லாம் ஒன்றாகப் பூசினால் எது கேட்டது, எது எரிச்சல் கொடுத்தது என்று பிறகு தெரியாது. ஆகவே ஒரு சமயத்தில் ஒன்று மட்டும்.

முதலில் டீ ட்ரீ ஆயில், ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய். 1990-ல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 124 பேரை வைத்து 5% டீ ட்ரீயையும், பருவுக்கு வழக்கமாகத் தரும் மருந்தான 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீக்கு நாள் பிடித்தது; ஆனால் பக்க விளைவு குறைவு. மருந்தோடு நேருக்கு நேர் நின்று பார்த்த மூலிகைகள் அதிகமில்லை.

ஜனவரி 8

5% என்பதுதான் முக்கியம். குப்பியில் வருவது கலப்பில்லாத எண்ணெய். அப்படியே வைத்தால் தோல் வெந்துபோகும். கற்றாழை ஜெல்லில் சொட்டுவிட்டுக் கிளறலாம் என்கிறார்கள். எண்ணெய் ஜெல்லில் சரியாகக் கரையாது, அங்கங்கே திட்டாக நிற்கும், அந்த இடம் சுடும். அதனால் 5% என்று அச்சிட்ட ஜெல்லே வாங்கிவிட்டேன். முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவியிருக்கிறேன். இரண்டு நாள் சிவக்காமல், அரிக்காமல் இருந்தால்தான் முகத்துக்கு. திறந்து வெகுநாளான குப்பி வேண்டாம். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான எண்ணெயில்தான் அலர்ஜி அதிகம் வரும். வாய்க்குள் போனால் விஷம்.

ஜனவரி 17

"எலுமிச்சம்பழச் சாறு தடவு, ஒரே வாரத்தில் போயிடும்" என்கிறாள் தோழி. மாட்டேன். அதன் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், கிட்டத்தட்ட 2. தோலுடையது 5-ஐ ஒட்டி. பிஎச் கணக்கில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். மூன்று படிக்கு ஆயிரம் மடங்கு! போதாததற்கு எலுமிச்சை வகைப் பழங்களில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பும், பிறகு கறுக்கும்.

மாநிறத் தோல்காரர்களுக்குப் பருவை விடப் பெரிய தலைவலி அது விட்டுப்போகும் கருந்திட்டுதான். பரு சில நாளில் அமுங்கிவிடும், திட்டு மாதக்கணக்கில் நிற்கும். தோலை எரிக்கும் எதுவும் அந்தத் திட்டைக் கூட்டும். "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொன்னவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 30

மஞ்சளுக்கும் வேம்புக்கும் கிருமியை அடக்கும் குணம் ஆய்வகத்தில் தெரிகிறது. கண்ணாடித் தட்டில் இருக்கும் கிருமி வேறு, மயிர்க்காலுக்குள் எண்ணெயில் புதைந்திருக்கும் கிருமி வேறு. மஞ்சள் முகத்தை மஞ்சளாக்கும், அது மட்டும் உறுதி.

பிப்ரவரி 12

பெரிய மாற்றமில்லை. இருந்தாலும் நிறுத்தவில்லை. இன்று கண்ணுக்குத் தெரியும் பரு, மயிர்க்கால் அடைபட ஆரம்பித்துப் பல வாரம் கழித்து வெளியே வந்தது. அதனால் எந்தச் சிகிச்சைக்கும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுக்க வேண்டும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைத்தாலும் போதாது. அடுத்து வரப்போவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. நெற்றி முழுவதும் மெல்லிசாகப் பூசுகிறேன்.

மார்ச் 22

நெற்றி தேறிவிட்டது. தாடைக் கட்டிகள் அசையவில்லை. தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகளுக்கு ஜெல் எட்டாது, அவை தழும்பாகவும் மாறும். தோல் மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரை தேவையா என்று பிறகு முடிவு செய்யலாம், முதலில் இரவில் ட்ரெட்டினாயின் 0.025% (வைட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்து) என்றார். கர்ப்பமா, அதற்குத் திட்டமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். கர்ப்பத்தில் அந்த மருந்து கூடாது.

கூடவே கற்றாழை ஜெல்லும் பூசலாம் என்றார். ட்ரெட்டினாயினோடு கற்றாழை ஜெல் சேர்ந்தபோது பரு இன்னும் குறைந்தது, சிவப்பும் குறைவு என்று 2014-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு உண்டு. டீ ட்ரீ இனிக் காலையில், நெற்றிக்கு மட்டும். முகம் சிவந்து உரிந்தால் டீ ட்ரீயையும் நிறுத்துவேன்.