எந்தக் குழி முதல்ல?

தொல்லியல் அகழாய்வுக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னா எல்லாரும் கேக்கற மொத கேள்வி "என்ன கெடச்சுது?" இங்கிலாந்துல ஒரு கோடையில ரெண்டு வாரம் வாலண்டியரா மண்ணு சொரண்டிட்டு வந்தவன் நான், எனக்குக் கெடச்சது குழி. குழிக்குள்ள புதையல் எல்லாம் இல்லீங்க, வெறும் குழிதான். ஆனா அங்க போனப்புறந்தான் தெரிஞ்சுது, இந்த வேலையில முக்கால்வாசி குழியைப் படிக்கறதுதான்னு.

ஒரே வயல்ல இரும்புக் காலத்துக்காரன் ஒரு குழி வெட்டிட்டுப் போறான், அப்புறம் ரோமானியர் காலத்துல அது மேலயே கல்லு வச்சு வீடு கட்டறாங்க, பல நூறு வருஷம் கழிச்சு இடைக்காலத்து ஆளு வந்து அடடா நல்ல கல்லா இருக்கேன்னு அந்தச் சுவரையே பேத்து எடுத்துட்டுப் போயிடறான். சுவர் போயிடும், ஆனா கல்லு உருவின பள்ளம் சுவர் போன வழியிலேயே நீளமா இருக்கும். இல்லாத சுவரை அதை வச்சே பிளான் வரையறாங்க! எது எதை வெட்டிட்டுப் போகுதோ அது பிந்தினது, கேட்க சுலபம், மண்ணுல பாத்தா காபிப்பொடிக்கும் இன்னொரு காபிப்பொடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கற மாதிரி. கொத்தனார் கரண்டி மாதிரி சின்னதா ஒண்ணு குடுப்பாங்க, அதால சொரண்டின உடனே ஈரத்துல நிறம் பளிச்சுனு தெரியும், பத்து நிமிஷம் வெயில் பட்டா எல்லாம் ஒரே பழுப்பு. அதனால ஒருத்தர் தண்ணி ஸ்ப்ரே பண்ணிக்கிட்டே நிப்பாரு.

குழியை முழுசா தோண்டக்கூடாது, பாதியை மட்டும் எடுத்துட்டு மீதியோட வெட்டுமுகத்தைப் பாக்கணும். நடுவுல இருண்ட மண்ணு பட்டையா இறங்கினா அது மக்கிப்போன மரக்கம்பம், சுத்தி கல்லு முட்டுக் குடுத்திருந்தா இன்னும் உறுதி. எனக்கு அப்படி ஒண்ணு கெடச்சிருச்சுன்னு ஒன்றரை நாள் பயபக்தியா தோண்டினேன். கம்பம் நட்ட குழி நேரா கீழ போகும், என்னோடது ஒரு அடி இறங்கி சைடுல திரும்பிடுச்சு. சூப்பர்வைசர் அக்கா எட்டிப் பாத்துட்டு சிரிக்காம சொன்னாங்க, முயல் வளை. அதுக்கும் ஒரு நம்பர் போட்டு ஷீட் எழுதச் சொன்னாங்க, ஏன்னா குழிக்குள்ள இருக்கற மண்ணுக்கு ஒரு நம்பர், குழிங்கற அந்தக் காலி இடத்துக்கே தனி நம்பர். இதையெல்லாம் எது மேல எது கீழன்னு கட்டம் போட்டு இணைக்கற முறையை 1973-ல எட்வர்ட் ஹாரிஸ்ங்கறவர் கொண்டுவந்தாரு, இன்னிக்கும் அதான் ஓடுது.

ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்துல வுட்ஹெஞ்ச்னு ஒண்ணு இருக்கு, மரக்கம்பங்களை வட்டமா நட்டிருந்த பழங்கால இடம், அதைக் கண்டுபிடிச்சதே குழியை வச்சுத்தான். 1925-ல கில்பர்ட் இன்சால்ங்கற விமானி மேல இருந்து பாக்கறாரு, ஒரு வட்டம் தெரியுது; அப்புறம் பயிர் வளந்தப்போ பாத்தா வயல்ல வட்டம் வட்டமா புள்ளி. 4000 வருஷத்துக்கு முன்னாடி நட்ட மரம் ஒண்ணுகூட மிச்சமில்ல, குழி மட்டும் இருக்கு. குழியில நெறஞ்ச மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், வறட்சியில மத்த பயிர் வாடினாலும் அங்க மட்டும் பச்சையா நிக்கும். அடியில சுவர் இருந்தா நேர் எதிர், அந்தக் கோட்டுல பயிர் சீக்கிரம் காயும். 2018 வறட்சியில பிரிட்டன்ல புதுசு புதுசா எடங்கள் தெரிஞ்சது இதனாலதான்.

சில்செஸ்டர்னு ஒரு ரோமானிய நகரம் ஹாம்ப்ஷயர்ல இருக்கு. 1890-லேருந்து 1909 வரைக்கும் அங்க தோண்டினவங்க கல்சுவரைத் தேடித் தேடிப் போனாங்க, மரத்துல கட்டின வீடெல்லாம் கண்ணுலயே படல. அப்புறம் ரெடிங் பல்கலைக்கழகம் 1997-லேருந்து 2014 வரைக்கும் ஒரே ஒரு பிளாக்கைப் பொறுமையா தோண்டுச்சு. ஒரு பழைய கிணத்தடியில ஆலிவ் கொட்டை ஒண்ணு கெடச்சுது, ரோமானியப் படை கி.பி. 43-ல வந்து இறங்கறதுக்கு முன்னாடியே யாரோ ஆலிவ் தின்னுட்டுத் துப்பியிருக்காங்க! எனக்கு அந்தக் கொட்டை எந்தத் தங்கக் காசை விடவும் பெருசு. அதே தோண்டல்ல 1890-கள் ஆளுங்க வெட்டின பள்ளமும் தனியா தெரிஞ்சுது, அவங்களும் ஒரு அடுக்கா ஆயிட்டாங்க.

காசு பத்தி சொல்லணும். குழிக்குள்ள ரோமானியக் காசு இருந்தா ரோமானியக் குழின்னு எழுதிடக் கூடாது. பக்கத்துலயே பச்சை மெருகு பூசின இடைக்காலப் பானை ஓடு ஒரு துண்டு இருந்தாலும் போச்சு, குழி மூடினது இடைக்காலத்துலயோ அதுக்கப்புறமோதான், காசு சும்மா மண்ணோட சேந்து உள்ள விழுந்தது. இருக்கறதுல எது பிந்தினதோ அதுக்கு முன்னாடி அந்தக் குழி மூடியிருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு.

இது தெரிஞ்சுதான் பிட் ரிவர்ஸ்ங்கற தொல்லியலாளர் 19-ஆம் நூற்றாண்டுலயே தான் தோண்டின பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி அடியில தன் பேர் போட்ட பதக்கத்தை வச்சுட்டுப் போனாராம், பின்னாடி வர்றவன் குழம்பக்கூடாதுன்னு. எங்க ட்ரெஞ்சை மூடற அன்னிக்கும் ஆளாளுக்கு அந்த வருஷத்துக் காசா தேடி ஒரு பென்னி போட்டாங்க. நான் என்னோடதை முயல் வளையில போட்டேன்.