பெட்டகத்துச் சல்லிகளும் அவற்றின் பெறுமதியும்

வந்தாறுமூலையில் அம்மம்மா இருந்த வீட்டைத் திருத்துவதற்காகப் பெட்டகத்தை வெறுமையாக்கியபோது, அடித்தட்டில் சிவப்புச் சீலைத் துண்டில் முடிந்திருந்த முப்பத்தொரு காசுகள் எங்கள் கைக்கு வந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளி கூரையைக் கொண்டுபோன இரவில் அம்மம்மா மடியில் கட்டிக்கொண்டிருந்த முடிச்சு அதுதான் என்று அம்மா அடையாளம் கண்டார்.

மறுநாள் அவற்றை மட்டக்களப்பு நகரில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டு சென்றோம். கடைக்காரர் செப்புக் காசுகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளி நிறத்தவை எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் கொட்டி, மொத்த நிறைக்கு ஒரு விலை சொன்னார். உருக்கி நகை செய்பவருக்கு அந்தக் கணக்குப் போதும். காசை வைத்திருப்பவருக்குப் போதாது. வெள்ளியின் விலை என்பது ஒரு காசுக்குக் கிடைக்கவேண்டிய மிகக் குறைந்த தொகை மட்டுமே.

அந்தக் குறைந்த தொகையைக் கூட ஆண்டைப் பாராமல் கணிக்க முடியாது. இலங்கையின் ஐம்பது சத வெள்ளிக் குற்றி 5.83 கிராம் நிறையுடையது. 1892 முதல் 1917 வரை அடிக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி இருக்க, 1919 இல் அது 55 பங்காகக் குறைக்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டின் குற்றியோ நிக்கல் கலந்த பித்தளை. பிரித்தானிய நாணயங்களில் 1919 வரை 92.5 பங்கும், 1920 முதல் 1946 வரை 50 பங்கும் வெள்ளி. 1947 இலிருந்து வெள்ளியே இல்லை. ஆகவே 14.14 கிராம் நிறையுள்ள அரைக் கிரவுன் என்ற பிரித்தானியக் காசு ஒன்றில், ஆண்டைப் பொறுத்து, 13 கிராம் வெள்ளியும் இருக்கலாம், 7 கிராமும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். தராசு இந்த வேறுபாட்டைக் காட்டாது.

பழையதென்றால் விலை கூடும் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த 1870 ஆம் ஆண்டு ஒரு சதம் எங்கள் முடிச்சில் நான்கு இருந்தன. நூற்றைம்பது வயதைக் கடந்தும் அவை சேகரிப்போரிடம் தாராளமாகப் புழங்குபவை என்பதால், தேய்ந்த நிலையில் பெரிய தொகை எதையும் தருவதில்லை. இலங்கை தனக்கென ஒரு ரூபாக் குற்றியை 1957 வரை அடிக்காததால் அக்காலத்து வீடுகளில் இந்திய வெள்ளி ரூபாக்களே சேர்ந்தன. அவற்றுள் 1918 ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜோர்ஜ் ரூபா கோடிக்கணக்கில் வெளிவந்தது. இருபத்தொரு ஆண்டு இளையதான 1939 ஆம் ஆண்டின் ஆறாம் ஜோர்ஜ் ரூபாவோ மிக அரிது. அரிது என்பதாலேயே அதற்குப் போலிகளும் உண்டு. எனவே 1939 என்று கண்டவுடன் மகிழ்வதற்கு முன்னர், இலக்கங்களின் ஓரம் சுரண்டப்பட்டிருக்கிறதா, நிறை 11.66 கிராமுக்கு அருகில் நிற்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியையும் நுண்தராசையும் வைத்துப் பார்ப்பது அவசியம்.

ஆண்டுக்கு அடுத்தது காசின் நிலை. என் அனுபவத்தில் விலையை மிகவும் ஆட்டிவைப்பது இதுவே. ஐந்தாம் ஜோர்ஜின் தலையுள்ள இலங்கைக் குற்றியைச் சாளரத்தோரம் சரித்துப் பிடித்து, கிரீடத்தின் பட்டையிலுள்ள மணிகளைப் பாருங்கள். புழக்கத்தில் முதலில் தேய்வது இத்தகைய மேடான பகுதிதான். மணிகள் தனித்தனியே தெரிந்தால் அது கவனமாகப் பேணவேண்டிய காசு. பட்டை வழுவழுப்பாகிவிட்டிருந்தால் வெள்ளி விலைக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க இயலாது.

இங்கே ஒன்றை வேண்டிக் கேட்கிறேன்: காசைக் கழுவாதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஆறு குற்றிகளைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துவிட்டார். அவை பளபளத்தன, ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது மன்னரின் கன்னமெங்கும் மயிரிழை போன்ற கீறல்கள். பல்லாண்டுகளாகப் படிந்த கருமையைச் சேகரிப்போர் அழுக்காகக் கருதுவதில்லை. போன கருமையை எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

முடிச்சில் ஓர் அரைக் கிரவுனும் இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியபோது, கரை சேர்ந்த மாலுமி ஒருவர் எங்கள் பூட்டனாருக்குக் கொடுத்த காசு அது என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை. அப்படியொரு வரலாறு சான்றோடு இருந்தால் வாங்குபவர் அதற்கும் சேர்த்துக் கொடுப்பார். ஆனால் கேடயத்தின் கீழே 1944 என்ற ஆண்டு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அம்மாவிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்ப வேற ஆரோ குடுத்திருக்கினம்" என்று மட்டும் சொன்னார்.

மற்றவற்றுள் சிலவற்றை விற்போம். அந்த அரைக் கிரவுனைத் தனிக் கடதாசி உறையில் இட்டு, உறையின் மேல் அதன் ஆண்டையும் நிறையையும் எழுதி, அதற்குக் கீழே கப்பல் கதையையும் அம்மா சொன்னவாறே எழுதி, பெட்டகத்திலேயே திரும்ப வைத்துவிட்டோம்.