பேரில்லாதவன்

2025 ஆடிக் கடைசியில ரஷ்யாவின்ர கிழக்குக் கோடியில இருக்கிற கம்சட்காக் குடாநாட்டில 8.8 நிலநடுக்கமாம், நாலைஞ்சு நாளில நூற்றாண்டுக் கணக்கா படுத்துக்கிடந்த கிராஷெனின்னிகோவ் எரிமலையும் புகைக்க வெளிக்கிட்டுட்டுதாம் எண்டு டிவியில போகேக்கை நான் இஞ்ச ரொறன்ரோவில தேத்தண்ணியோட இருக்கிறன், சேருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லோணும் எண்டுதான் முதல் நினைச்சன். சேர் மோசம் போய் அப்ப ரண்டு மாசம்.

அவரிட்ட பூமிசாஸ்திரம் படிச்ச ஆக்களுக்கு அந்தப் பிரம்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ரண்டு கொப்பியை மேசையில வைச்சு ஒண்டை மற்றதுக்குக் கீழ தள்ளுவாரெல்லோ, பசிபிக் கடலடிப் பாறைத் தட்டு வருஷத்துக்கு எட்டு சென்ரிமீற்றர் இப்பிடித்தான்ரா கம்சட்காவுக்குக் கீழ போகுது, அது கொண்டுபோற தண்ணிதான் அடியில பாறையை உருக்குது எண்டு. கம்சட்காவின்ர நீளம் 1,250 கிலோமீற்றர், எரிமலை முன்னூறளவில, அதில உயிரோட இருக்கிறது முப்பது. எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டில வெறும் சுண்ணக்கல்லு, அதிர்ச்சி எண்டா மாதச் சோதினைதான்.

ஒருநாள் என்னை எழுப்பி, "1956 பங்குனியில அங்க வெடிச்ச எரிமலைக்கு என்ன பேர்?"

முழிச்சு முழிச்சு, "பேர்... இல்லை சேர்" எண்டன்.

"சரியான விடை!" வகுப்பே திகைச்சுப் போச்சு. அது பெசிமியான்னி, ரஷ்ய மொழியில பேரில்லாதது எண்டு அர்த்தம், செத்துப்போன மலை எண்டு எல்லாரும் நினைச்சிருக்க ஒரு பக்கத்தைப் பிச்சுக்கொண்டு வெடிச்சது. எனக்கு நெஞ்சு நிமிர முதலே, "தெரியாமச் சொன்ன சரிக்கு மாக்ஸ் இல்லை, ஏறு வாங்கில" எண்டார். அண்டைக்கு விழுந்த பட்டம்தான், போன வருஷ ஒன்றுகூடல்லயும் கொத்துரொட்டிக் கியூவில நிண்டு ஒருத்தன் கத்திக் கூப்பிடுறான்.

"குடாநாடு எண்டா மூண்டு பக்கம் கடல், நாலாம் பக்கத்தாலதான் வெளிக்கிடலாம்" எண்டும் சொல்லித்தந்தவர். கம்சட்காவுக்கு அந்தப் பக்கத்தாலயும் ரோட்டு இல்லை எண்டது பிறகுதான் தெரியும். ராணுவப் பிரதேசம் எண்டு பூட்டி வைச்சிருந்த அந்த இடத்தை 1990இல வெளிநாட்டாருக்குத் திறந்துவிட்டாங்கள், அதே வருஷம் சண்டையில எங்கட குடாநாட்டுக்குத் தரைவழியான ஆனையிறவுப் பாதை பூட்டுப்பட்டு, பிறகு சனம் கிளாலிக் கடலால வள்ளத்தில போச்சுது. நான் அப்ப கனடாவில, நாலாம் பக்கத்தால 84இலயே வெளிக்கிட்டவன்.

கடைசியாக் கோல் எடுக்கேக்கை என்ர பேரை ரண்டுதரம் சொன்னன், பிடிபடேல்லை. "பேரில்லாதவன் சேர்" எண்டவுடன சிரிச்சுப்போட்டார்.

"கம்சட்கா பாத்திட்டியோடா?"

"இல்லை சேர்."

"இஞ்சையும் வரேல்லை."

அடுத்த வருஷம் கட்டாயம் வாறன் எண்டன், பத்து வருஷமாச் சொல்லுற பொய்தான், அவரும் ஓம் ஓம் எண்டார்.