துரத்திப் பிடித்ததுதான் பர்ச்சேஸ்

ஆங்கிலத்தில் 'கெட்' இல்லாமல் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், திணறிப்போவீர்கள். கிடைத்தாலும் கெட், வாங்கினாலும் கெட், விஷயம் புரிந்தாலும் கெட். இத்தனைக்கும் அது இரவல் சரக்கு. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'கெட்டா'தான் இது. 'டேக்' கதையும் அதேதான், மூலம் 'டாகா'. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலில் கொள்ளையடிக்க வந்தவர்கள், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, நிலம் உழுது, உள்ளூர்க்காரர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து, கடைசியில் எடுப்பதற்கும் பெறுவதற்குமான சொற்களையே அந்த ஊர் வாயில் ஏற்றிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் எதையும் எடுக்காமலா இருந்தார்கள்? இருந்தது ஒரு நல்ல சொல், 'நிமன்'. ஜெர்மனில் இன்றைக்கும் எடுப்பதற்கு 'நேமன்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டு சொல்லும் கொஞ்ச காலம் அருகருகே ஓடி, அப்புறம் 'டேக்' ஜெயித்துவிட்டது. தோற்ற சொல் 'நிம்' என்று குறுகி, சில்லறைத் திருட்டைக் குறிக்கும் கொச்சையாகப் பிழைத்துக் கிடந்து அதுவும் போய்விட்டது. ஆனால் வாரிசுகள் உண்டு. 'நிம்பிள்' என்றால் இன்று சுறுசுறுப்பு. ஆதியில் சட்டென்று பற்றிக்கொள்ளும் திறமை. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: கை மரத்துப்போவதைச் சொல்லும் 'நம்'. அது 'நிமன்' வினையின் இறந்தகால வடிவம், 'எடுக்கப்பட்டது' என்று அர்த்தம். குளிர் வந்து விரலின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான். எழுத்தில் கடைசியாக நிற்கும் அந்த ஊமை 'பி' பிற்காலத்தில் சும்மா வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, 'கெட்'டுக்கு உள்ளூர் உறவே இல்லையா என்றால், இருந்தது, ஆனால் தனியாக நடமாடாது, முன்னால் ஓர் ஒட்டு வேண்டும். 'பிகெட்' அப்படி ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெறுமனே பெறுதல், சம்பாதித்தல் என்றுதான் பொருள். பிறகு பிள்ளை பெறுவதோடு, அதுவும் பெரும்பாலும் தகப்பன் தரப்பில், சுருங்கிவிட்டது. 1611-இல் வந்த பைபிளில் ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று வம்சம் நீண்டுகொண்டே போவது இந்தச் சொல்லை வைத்துத்தான். (தமிழில் 'பெறு' இரண்டு வேலையையும் இன்னும் சேர்த்தே பார்க்கிறது என்பதால் நமக்கு இது விசித்திரமாகவே தெரியாது.) 'ஃபர்கெட்' இன்னொன்று: பிடியிலிருந்து நழுவவிடுவது, அதாவது மறப்பது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இதை 'ஃபொர்யெட்' என்கிற மாதிரிதான் எழுதினார். உள்ளூர் உச்சரிப்பில் அந்த இடத்தில் மெல்லிய யகரம். அழுத்தமான ககர ஒலி நார்ஸ்காரர்கள் செல்வாக்கில் வந்தது.

இப்போது 'பர்ச்சேஸ்'. ரசீதிலும் அலுவலகக் கோப்பிலும் கோட்டு சூட்டுப் போட்டு நிற்கிற இந்தச் சொல், 1066-க்குப் பிறகு ஆட்சிக்கு வந்த நார்மன்களின் பிரெஞ்சிலிருந்து வந்தது. உள்ளே பாருங்கள், 'சேஸ்' ஒளிந்திருக்கிறது. துரத்திப் போய்ப் பிடிப்பதுதான் மூலப்பொருள், காசுக்கு அதில் இடமே இல்லை. வேட்டையாடியதும் பர்ச்சேஸ், கொள்ளையடித்ததும் பர்ச்சேஸ். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் மூன்று போக்கிரிச் சிப்பாய்களுக்கு எடுபிடியாக இருக்கும் ஒரு பையன் சலித்துக்கொள்கிறான்: இவர்கள் எதை வேண்டுமானாலும் திருடுவார்கள், கேட்டால் பர்ச்சேஸ் என்பார்கள். அந்த மூவரில் ஒருவன் பெயர் நிம்! மேலே சொன்ன அதே திருட்டு நிம். அன்றைக்கு நாடகம் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

சட்டத்தில் இது இன்னும் சுவாரசியம். இங்கிலாந்தின் பழைய நிலச் சட்டப்படி, வாரிசுரிமையாக இறங்கி வராத எந்தச் சொத்தும் பர்ச்சேஸ்தான். ஒருவர் இனாமாகக் கொடுத்தாலும், உயிலில் எழுதி வைத்தாலும், ஒரு பைசா கைமாறாவிட்டாலும். 1760-களில் ஆங்கிலச் சட்டத்துக்கு விரிவுரை எழுதிய பிளாக்ஸ்டோன் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: நிலமானியச் சட்டக்காரர்கள் இதே விஷயத்துக்குச் சொன்ன பெயர் 'கான்க்வெஸ்ட்' (இன்று போரிட்டு வென்று பிடிப்பது), ஆகவே நார்மன்களுக்குத் தலைமை தாங்கி வந்த 'வில்லியம் தி கான்கரர்' என்றால் அந்தக் குடும்பத்தில் இங்கிலாந்து முடியை முதலில் அடைந்தவர் என்றுதான் அர்த்தமாம். 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் அம்பு பட்டுச் செத்தவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். வக்கீல் மூளை என்பது இதுதான். ஆனால் சொல் அளவில் அவரைச் சும்மா தள்ளிவிட முடியாது. வென்று பிடிக்கும் 'கான்கர்', கையகப்படுத்தும் 'அக்வயர்' இரண்டும் தேடுதல் என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள். ஒன்று போர்க்களத்துக்குப் போனது, ஒன்று கம்பெனிகளை விழுங்கப் போனது.

'வின்' கூட முதலில் வெற்றி இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது பாடுபடுதல், சண்டைபோடுதல். பலன் கிடைத்ததா என்பது வேறு விஷயம். சம்பாதிப்பதைச் சொல்லும் 'ஏர்ன்' அறுவடை வேலையோடு சேர்ந்தது, ஜெர்மனில் அறுவடைக்குப் பெயரே 'ஏர்ன்ட'.

ஆக வாங்குவதற்கான சொற்கள் எல்லாம் பறிப்பதிலும் துரத்துவதிலும் உழைப்பதிலும் பிறந்திருக்க, எதிர்ப்பக்கம் விற்பதைச் சொல்லும் 'செல்' மட்டும் நேர்மாறு. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் வெறுமனே கொடுப்பது. விலையெல்லாம் அப்புறம் சேர்ந்தது. பரலோகத்திலிருக்கிற பிதாவை நோக்கிச் சொல்லும் ஜெபத்தின் பழைய ஆங்கில வடிவத்தில், அன்றாட அப்பத்தை எங்களுக்கு இன்று தாரும் என்ற இடத்தில் நிற்கும் வினை இதுதான். இன்றைய காதோடு கேட்டால், ஆண்டவரிடம் ரொட்டி என்ன விலை என்று விசாரிப்பது போலிருக்கும்.